குழப்பும் நிரல் எடுத்துக்காட்டு: பெயரை மாற்றவா, பிரிக்கவா, நீக்கவா?

ஒரு மென்பொருளின் ஆவணத்தைத் திறப்பவர் கண் முதலில் போவது நிரல் துண்டுக்குத்தான். மேலே உள்ள பத்தியை அப்புறம் படிக்கலாம் என்று விட்டுவிட்டு, துண்டை நகலெடுத்து ஒட்டி ஓட்டிப் பார்ப்பார். துண்டு குழப்பினால் பத்தி எவ்வளவு தெளிவாக இருந்தும் அவருக்குப் பயனில்லை. அப்படி ஒரு துண்டைத் திருத்த உட்காரும்போது ஐந்தாறு வழிகள் இருப்பது தெரியும். எல்லாமே சரியானவையாகத்தான் தோன்றும். எது எங்கே பொருந்தும், எது ஆறு மாதம் கழித்துத் தொல்லை தரும் என்பதை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

உதாரணம் பைத்தான் நிரல்மொழியின் அதிகாரபூர்வ டுடோரியலில் இருப்பது. இயல்பு மதிப்புள்ள அளவுருக்களைப் பற்றிய பகுதியில் வரும். அளவுரு என்பது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் உள்ளீடு; அழைப்பவர் அதைத் தராவிட்டால் பயன்படுவது இயல்பு மதிப்பு. அங்கே 'எஃப்' என்றொரு ஃபங்ஷன். அதற்கு இரண்டு அளவுருக்கள்: 'ஏ', பிறகு பெரிய எழுத்தில் 'எல்'. இரண்டாவதற்கு இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட், அதாவது [], கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இரண்டே வரி: 'ஏ'யை லிஸ்ட்டின் கடைசியில் சேர், லிஸ்ட்டைத் திருப்பிக் கொடு. பிறகு 1, 2, 3 என்று மூன்று முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் அச்சிடுகிறார்கள். வெளியீடு இப்படி வரும்:

[1]
[1, 2]
[1, 2, 3]

காரணம் எளிது. ஃபங்ஷனை வரையறுக்கும் வரி ஓடும்போதே இயல்பு மதிப்பு ஒரே ஒரு முறை கணக்கிடப்பட்டு, ஃபங்ஷனோடு சேர்த்து வைக்கப்படுகிறது. அடுத்தடுத்த அழைப்புகள் அந்த ஒரே லிஸ்ட்டைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. இது வேண்டாம் என்றால் இயல்பு மதிப்பை 'நன்' (None, 'எதுவும் இல்லை' என்பதற்கான பைத்தான் மதிப்பு) என்று வைத்து, உள்ளே "அது 'நன்' ஆக இருந்தால் புது லிஸ்ட் உண்டாக்கு" என்று எழுத வேண்டும். டுடோரியல் அந்த இரண்டாவது வடிவத்தையும் உடனே கீழே தருகிறது. எச்சரிக்கை வாக்கியமும் மேலேயே இருக்கிறது. சொல்லப்பட்டதில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் புதிதாகப் படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

எங்கே தடுக்குகிறது?

வழியைத் தேர்வதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். வெளியீட்டை மறைத்துவிட்டு, விஷயம் தெரியாத மூன்று பேரிடம் துண்டைக் கொடுங்கள். என்ன அச்சாகும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு வெளியீட்டைக் காட்டி, இது சரியான நடத்தையா, பிழையா என்று கேளுங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் திருத்துகிறவர் பெரும்பாலும் தன் கண்ணை உறுத்தியதைத்தான் திருத்துவார். படிப்பவர் விழுந்த குழி அப்படியே இருக்கும்.

இந்தத் துண்டில் குழிகள் நான்கு. முதலாவது, பெயர்கள் எதுவும் பேசவில்லை. பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 மாறிகளுக்கும் அளவுருக்களுக்கும் சிறிய எழுத்தே சொல்கிறது. இங்கே பெரிய 'எல்' ஒரு மாறிலி போலவோ வகுப்பு போலவோ தோன்றுகிறது. இரண்டாவது, அதே பகுதியில் இதற்குச் சற்று முன்னால் வரும் சின்ன உதாரணத்திலும் ஃபங்ஷனின் பெயர் 'எஃப்'தான்; கீழே வரும் திருத்திய வடிவத்திலும் அதே 'எஃப்'. ஒரு பக்கத்துக்குள் ஒரே பெயரில் மூன்று பொருள்கள். மூன்றாவது, திருத்திய வடிவத்துக்கு அழைப்பும் இல்லை, வெளியீடும் இல்லை. [1], [2], [3] என்று வரும் என்பதை வாசகரே ஊகிக்க வேண்டும்.

நான்காவதுதான் ஆழமானது. 1, 2, 3 என்ற மதிப்புகளே பிழையை மறைத்துவிடுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்து [1, 2, 3] கிடைத்தால் யாருக்கும் அது பிழையாகத் தெரியாது. சேர்க்கச் சொன்னோம், சேர்த்திருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எச்சரிக்கையாக வைத்த துண்டு, வேலை செய்யும் வித்தையாகப் படிக்கப்படுகிறது.

பெயரையும் மதிப்பையும் மாற்றுவது

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் வழி என்று இதையே சொல்வேன். ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மதிப்பை விட்டுவிடுவது பாதி வேலை. 'எல்' என்பது 'கூடை' ஆகட்டும், 'ஏ' என்பது 'பொருள்' ஆகட்டும், ஃபங்ஷன் 'கூடையில்_சேர்' ஆகட்டும் (ஆங்கில ஆவணத்தில் இவற்றின் ஆங்கிலச் சொற்கள் வரும்). எண்களுக்குப் பதிலாக இரண்டு வாடிக்கையாளர்கள்: முதலாமவர் பால் வாங்குகிறார், இரண்டாமவர் அரிசி வாங்குகிறார். இப்போது வெளியீடு:

['பால்']
['பால்', 'அரிசி']

இரண்டாமவரின் கூடையில் முதலாமவரின் பால் எப்படி வந்தது? ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே வாசகர் நிமிர்ந்து உட்காருவார். நிரலின் தர்க்கத்தில் ஒரு வரிகூட மாறவில்லை; பெயர்களும் இரண்டு மதிப்புகளும்தான் மாறின. இன்னும் ஒரு படி போகலாம். இரண்டு அழைப்புகளின் விடைகளையும் தனித்தனி மாறிகளில் வாங்கிக்கொண்டு, இரண்டும் முடிந்த பிறகு அச்சிட்டால், முதலாமவரின் கூடையிலும் பாலும் அரிசியும் இருக்கும். இருவரிடமும் இருப்பது ஒரே லிஸ்ட் என்பது அப்போது மறைக்க முடியாமல் வெளியே வரும். அழைத்த உடனே அச்சிடும் இப்போதைய வடிவத்தில் இது தெரிவதில்லை.

இந்த வழியில் தவறு நேரும் இடங்களும் உண்டு. துண்டில் மாற்றிய பெயர் சுற்றியுள்ள பத்தியில் பழையபடியே நின்றுவிடும். அதனால் கோப்பு முழுவதும் தேடிப் பார்க்க வேண்டும். ஒற்றை எழுத்துப் பெயரைத் தேடுவது கடினம் என்பதால் கண்ணாலும் ஒரு முறை படிக்க வேண்டும். கூடை, பொருள் என்று எழுதப் போய், விலை, அளவு, தள்ளுபடி என்று கதை வளர்ந்துவிடக் கூடாது. கற்பிக்க வந்தது இயல்பு மதிப்பு, கடை நடத்துவது அல்ல. வலைதள முகவரியோ ஐபி எண்ணோ உள்ள துண்டாக இருந்தால், அதற்கென்றே ஒதுக்கியவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். எக்ஸாம்பிள்.காம் போன்ற பெயர்கள் 1999-இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய நெறி ஆவணம் வழியாக ஒதுக்கப்பட்டவை. 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 என்ற மூன்று ஐபி வரம்புகள் 2010-இன் ஆர்எஃப்சி 5737-இல் ஆவணங்களுக்காகவே ஒதுக்கப்பட்டவை. மனதில் தோன்றிய ஒரு முகவரியை எழுதினால், அது யாரோ ஒருவரின் உண்மையான சர்வராக இருக்கலாம். நகலெடுத்து ஓட்டும் அத்தனை பேரும் அங்கே போய்த் தட்டுவார்கள்.

கமென்ட் சேர்ப்பது

நிரலுக்குள் # குறி போட்டு, மனிதர் படிப்பதற்காக எழுதும் குறிப்பு இது. முதலில் கை போவது இதற்குத்தான். ஒரு வரி, "இது பகிரப்படுகிறது, கவனம்!" என்று. அவசரத்துக்கு உதவும். ஆனால் கமென்ட்டை எந்தக் கருவியும் சரிபார்ப்பதில்லை. அடுத்தவர் நிரலை மாற்றும்போது கமென்ட் பழையபடியே நிற்கும். அப்போது அது குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதில் புதிதாக ஒன்றை உண்டாக்கும்.

தமிழில் படிப்பவர்களைத் தொடும் இன்னொரு விஷயமும் உண்டு. பைத்தான் ஆவணங்கள் உருவாகும் ஸ்பிங்ஸ் கருவி, மொழிபெயர்ப்புக்காக வாக்கியங்களைப் பிரித்தெடுக்கும்போது நிரல் துண்டுகளை இயல்பாக எடுப்பதில்லை. அதற்கென ஒரு அமைப்பை மாற்றினால்தான் எடுக்கும். அந்த அமைப்பை மாற்றாத திட்டத்தில், பத்தி முழுவதும் தமிழாகியிருக்க, மிக முக்கியமான எச்சரிக்கை மட்டும் துண்டுக்குள் ஆங்கிலத்திலேயே கிடக்கும். எனவே, விளக்கம் கமென்ட்டில் போகக் கூடாது. ஒரு வரியின் விடையைப் பக்கத்திலேயே காட்ட, # [1, 2] என்ற அளவில் இருந்தால் போதும். அது எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

பத்தியைத் திருத்துவது

ஏன் என்ற கேள்விக்குப் பதில் பத்தியில்தான் சொல்ல முடியும். "வரையறுக்கும்போது ஒரு முறைதான் கணக்கிடப்படும்" என்பதை எந்த மாறியின் பெயராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் இங்கே அந்த வாக்கியம் ஏற்கெனவே இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. அதை இன்னும் மெருகேற்றுகிறேன் என்று தொட்டால் விலை ஒன்று உண்டு. மூல வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் அந்தப் பதிவு ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்படும். யாராவது சரிபார்க்கும் வரை அந்த மொழியின் வாசகருக்கு ஆங்கில வாக்கியமே தெரியும். பிழையான வாக்கியம் என்றால் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். நடை பிடிக்கவில்லை என்பதற்காகக் கொடுக்கக் கூடாது.

தவறு, சரி என்று பிரிப்பது

இங்கேதான் கருத்து வேறுபாடு அதிகம். தவறான நிரலைக் காட்டாமல் சரியானதை மட்டும் காட்டினால் போதாதா? இந்த விஷயத்தில் போதாது. தவறைப் பார்க்காதவருக்கு 'நன்' சோதனை ஏன் என்றே புரியாது, தேவையற்ற வரி என்று அதை எடுத்துவிடுவார். இரண்டும் வேண்டும். ஆனால் தவறான துண்டும் நகலெடுக்கப்படும் என்பதை மனதில் வைத்தே அதை அச்சேற்ற வேண்டும்.

மற்ற இடங்களில் இதற்கு நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. வலைத் தொழில்நுட்பங்களுக்கான எம்டிஎன் ஆவணத் தளத்தின் மூலக் கோப்புகளில் துண்டை "தவறான எடுத்துக்காட்டு", "நல்ல எடுத்துக்காட்டு" என்று குறிக்க முடியும். பக்கத்தில் அது அடையாளத்தோடு தெரியும். ரஸ்ட் மொழியில் இன்னும் ஒரு படி மேல்: கம்பைல் ஆகக் கூடாத துண்டு என்று குறித்துவிட்டால், அதன் ஆவணக் கருவியான ரஸ்ட்டாக் அதைக் கம்பைல் செய்து பார்க்கும்; அது தப்பித் தவறி கம்பைல் ஆகிவிட்டால் டெஸ்ட் தோற்கும். அதாவது, தவறு இன்னமும் தவறாகவே இருக்கிறதா என்பதையும் கருவி காவல் காக்கிறது. பைத்தானின் இந்தப் பிழை ஓடக்கூடிய பிழை; கம்பைலரால் பிடிபடாது. நிரலை ஓட்டாமலே சோதிக்கும் கருவிகளில், பைலின்ட்டின் டபிள்யூ0102 விதியும், ஃபிளேக்8-பக்பேரின் பி006 விதியும் அதைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான்.

பைத்தானில் ஒரு பழைய வழி உண்டு. தவறான துண்டை, பைத்தானின் உரையாடல் திரை வரிக்கு முன்னால் காட்டும் >>> தூண்டுகுறியோடு, உரையாடல் வடிவில் எழுதுவது. அதைக் கோப்பில் அப்படியே ஒட்டினால் இலக்கணப் பிழை வந்து நின்றுவிடும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது: ஐபைத்தான் என்ற உரையாடல் திரை தூண்டுகுறியைத் தானே கழித்துவிடும், பைத்தான் ஆவணத் தளத்திலேயே தூண்டுகுறி இல்லாமல் நகலெடுக்கப் பொத்தான் உண்டு. ஆகவே ஃபங்ஷனின் பெயரிலேயே தவறு தெரியும்படி, 'பகிர்ந்த_கூடையில்_சேர்', 'புதுக்_கூடையில்_சேர்' என்று இரண்டு வெவ்வேறு பெயர்கள் வைப்பது மேல். வெவ்வேறு பெயருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆவணத்தின் துண்டுகளை ஓட்டிச் சோதிக்கும் ஸ்பிங்ஸின் டாக்டெஸ்ட், ஒரே பக்கத்தில் உள்ள துண்டுகளை, தனிக்குழுவாகப் பிரிக்காத வரை, ஒரே பெயர்வெளியில் ஓட்டும். மூன்று 'எஃப்' இருந்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். வாசகரின் உரையாடல் திரையில் நடப்பதும் அதேதான்.

ஓடும் முழு நிரலாக வெளியே வைப்பது

எடுத்துக்காட்டைத் தனிக் கோப்பில் வைத்து, டெஸ்ட் எழுதி, ஆவணத்துக்குள் ஸ்பிங்ஸின் லிட்டரல்இன்க்ளூட் கட்டளை வழியாக இழுத்துக்கொள்வது. ஏபிஐ (நூலகத்தை மற்ற நிரல்கள் அழைக்கும் முறை) மாறும்போதெல்லாம் ஆவணம் பொய்யாகிவிடும் நூலகங்களுக்கு இதுவே சிறந்தது. முப்பது வரிக்கு மேல் போகும் துண்டுகளுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. வரி எண்ணைக் கொடுத்து இழுத்தால், பிறகு யாரோ கோப்பின் தலையில் ஒரு இம்போர்ட் வரி சேர்ப்பார். ஆவணத்தில் எல்லாம் ஒரு வரி தள்ளிப் போய், ஃபங்ஷனின் தலை வெட்டுப்பட்டு நிற்கும். வரம்பு கோப்புக்குள்ளேயே இருக்கும் வரை எச்சரிக்கையும் வராது. அதனால் தொடக்கம், முடிவு அடையாளக் கமென்ட்டுகளை வைத்தோ, ஃபங்ஷனின் பெயரைச் சொல்லியோ இழுக்க வேண்டும்.

நம் சின்னத் துண்டுக்கு இது கொசுவை அடிக்கக் கோடாலி எடுப்பது போல. இதற்கு டாக்டெஸ்ட் போதும். 2001-இல் பைத்தான் 2.1-ஓடு வந்த அந்தக் கருவி, >>> வரிகளை ஓட்டி, கீழே எழுதிய வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். எழுத்துக்கு எழுத்து என்பதால்தான் சில இடங்களில் வீணாகத் தோற்கும்: செட்டின் (வரிசை உறுதியில்லாத தொகுப்பு) வரிசை, பொருளின் நினைவக முகவரி, வெளியீட்டில் வெற்று வரி. முகவரிக்கு எலிப்சிஸ் தேர்வைப் பயன்படுத்தி, மாறும் இடத்தில் ... என்று எழுதலாம். வெற்று வரிக்குத் தனிக்குறி உண்டு. செட்டை அச்சிடாமல் வரிசைப்படுத்தி அச்சிடுவது நல்லது. டிக்ட் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) பற்றிக் கவலை வேண்டாம், பைத்தான் 3.7 முதல் சேர்த்த வரிசையே உறுதி.

நீக்கிவிட்டு இணைப்புக் கொடுப்பது

பைத்தானின் நிரலாக்கக் கேள்வி-பதில் பக்கத்தில், இயல்பு மதிப்புகள் ஏன் பகிரப்படுகின்றன என்றே ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே டிக்டை வைத்து விளக்கி, இந்த நடத்தையையே பயன்படுத்தி விடைகளைச் சேமித்துவைக்கும் உத்தியையும் காட்டுகிறார்கள். அப்படியிருக்க டுடோரியலில் எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பழசாகும் என்பது உண்மைதான். ஆனால் டுடோரியலை வரிசையாகப் படிப்பவர் இணைப்பை அழுத்த மாட்டார். அடுத்த பகுதிக்குப் போய், அன்று மாலையே வெற்று லிஸ்ட்டை இயல்பு மதிப்பாக எழுதுவார். நீக்குவது, துண்டு கற்பிக்கும் விஷயமே அந்தப் பக்கத்துக்கு வேண்டாதது என்னும்போது மட்டும். இங்கே அப்படியில்லை.

இந்தத் துண்டுக்கு என் தேர்வு

பெயரையும் மதிப்பையும் மாற்றுவது. இரண்டு வடிவங்களுக்கும் தனிப் பெயர். இரண்டையும் >>> வடிவில் எழுதி, இரண்டுக்கும் வெளியீடு காட்டுவது. எச்சரிக்கை வாக்கியத்தைத் தொடாமல் விடுவது. கமென்ட் எதுவும் இல்லை. மாறுவது இருபது வரிக்குள் அடங்கும். மொழிபெயர்ப்புகளின் முக்கிய வாக்கியம் உடையாது.

இதே நிலையில் வேறு திட்டம் என்றால் தேர்வும் மாறும். ஒரே ஒருவர் பராமரிக்கும் சின்ன நூலகத்தின் ரீட்மீ கோப்பு, டெஸ்ட் ஓட்டும் ஏற்பாடு எதுவும் இல்லை என்றால், பெயரை மாற்றி # குறியோடு விடையைப் பக்கத்தில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏபிஐ மாதாமாதம் மாறும் நிலையில் இருந்தால் தனிக் கோப்பு வழிக்கே முதலில் போக வேண்டும்.

திருத்தும்போது ஒரு சபலத்தைத் தடுக்க வேண்டும். 'நன்' சோதனைக்கான இரண்டு வரியைச் சுருக்கி, "கூடை அல்லது []" என்று ஒரே வரியில் 'ஆர்' போட்டு எழுதத் தோன்றும். அது வேறு நடத்தை. அழைப்பவர் தன்னுடைய வெற்று லிஸ்ட் ஒன்றைக் கொடுத்தால், வெறுமை என்பதால் அது ஒதுக்கப்பட்டுப் புது லிஸ்ட் உண்டாகும். அவர் கையில் உள்ள லிஸ்ட்டில் எதுவும் சேராது. மறுபக்கம், சரியான வடிவம்கூட அழைப்பவர் கொடுத்த லிஸ்ட்டை மாற்றவே செய்கிறது. இரண்டும் வாசகர் கேட்கக்கூடிய கேள்விகள். ஆனால் இவற்றை அதே துண்டுக்குள் திணித்தால் மறுபடி குழப்பம். மொழிபெயர்ப்பில் புதிய பதிவாக வரும்படி, கீழே தனிப் பத்தியாக ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

மாற்றத்தை அனுப்பும் முன் ஆவணக் கோப்புறையில் எச்டிஎம்எல்லைக் கட்டிப் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள்; பிறகு டாக்டெஸ்ட்டை ஓட்டுங்கள். ஒரு வெளியீட்டை வேண்டுமென்றே தவறாக மாற்றி, டெஸ்ட் தோற்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். துண்டு டாக்டெஸ்ட்டின் கண்ணில் படவே இல்லை என்றாலும் எல்லாம் வெற்றி என்றுதான் அறிக்கை வரும். மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்டில் இந்த ஒரு துண்டைத் தவிர வேறெதையும் சேர்க்காதீர்கள். பக்கத்துப் பத்தியின் காற்புள்ளியையும் சேர்த்துத் திருத்தினால் விவாதம் காற்புள்ளிக்குப் போய்விடும். விளக்கத்தில், மூன்று பேர் எந்த வரியில் எதை எதிர்பார்த்து ஏமாந்தார்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். பரிசீலிப்பவர் ரசனையை விட்டுவிட்டு அந்தத் தடுமாற்றத்தைப் பற்றிப் பேச அது உதவும்.

சேர்க்கப்பட்ட பிறகு, இன்னும் பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளின் கிளைகளுக்கும் மாற்றம் போயிருக்கிறதா என்று பாருங்கள். தேடுபொறி வழியாக வருபவர் பல நேரம் பழைய பதிப்பின் பக்கத்தில்தான் வந்து இறங்குகிறார்.